சுவர் காயும் வரை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பேசும்போது உன் குரல் கம்மியிருந்தது. கேட்டதற்குச் சளி என்றாய். சளி இல்லை என்று உன் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருவாரூரில் அந்தப் பழைய பங்களாவைப் பெண்கள் விடுதியாக மாற்றுகிற வயரிங், நீ சொந்தமாக எடுத்துச் செய்கிற முதல் வேலை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பந்தலுக்குக் கால் நட்டாகிவிட்டது. வீட்டுக்காரர் காலையும் மாலையும் வந்து நின்று மெயினைப் போடச் சொல்கிறார். நீயோ மழையில் ஊறிய சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். வயரில் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்ததில் பாதி அறைகள் தேறவில்லை என்கிறாய். ‘விழா முடியிற வரைக்கும் மட்டும் போட்டுட்டு அப்புறம் அணைச்சிடலாமாப்பா?’ என்று கேட்டாய்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது, அது பதிலே இல்லை என்று. எதிரே ஒரு மனிதர் நின்று கத்தும்போது அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பது லேசு இல்லை. நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். அதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. இன்று மழை விட்டிருக்கிறது, வெளியே போக வேலையும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய். ஆட்சி மாறிய புதிது. டீக்கடைக்கு டீக்கடை புதுக் கொடி பறந்தது. வயல் பக்கம் போனால் சிவப்புக் கொடி. குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் இறங்குவோம் என்று ஆட்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கதிர் தலை சாய்ந்து நிற்கிறது, மேலே ஐப்பசி மழை, நடுவில் இரண்டு பக்கமும் கையில் தடி. கீழ்ப்பக்கம் குடிசைகள் எரிந்த சேதி எல்லோர் காதுக்கும் வந்திருந்தது. யாரும் அதை உரக்கப் பேசவில்லை. பேசாமல் இருப்பதிலேயே எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

நீடாமங்கலத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், கோரையாற்றங்கரையில் ஒரு சத்திரம் இருந்தது. ராஜா காலத்துக் கட்டடம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கனத்த சுவர், நடுவில் பெரிய கூடம், முன்னால் திறந்த முற்றம், மேலே தேக்கு உத்தரம். புது அரசாங்கம் அதை ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியாக்க உத்தரவு போட்டிருந்தது. மந்திரி வந்து திறப்பதாக ஏற்பாடு. வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் பெயர் கோவிந்தராசு. ஆளுங்கட்சியில் செல்வாக்கான ஆள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பார். ஆனால் ஒரு தேதியை வாயால் சொல்லிவிட்டாரானால் அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறாது. அவர் முதலில் வைத்திருந்த ஆட்கள் அடைமழையில் அந்தச் சுவரைக் குறுக்கே கொத்தி, வயர் போகிற இரும்புப் பைப்பைப் புதைத்து, சிமெண்ட் வைத்துப் பூசி மூடியிருந்தார்கள். ஊர்ச் சண்டைக்குப் பயந்து அவர்கள் பாதியில் போய்விடவே, போர்டு கட்டி விளக்கு மாட்டி முடிக்க என்னைக் கூப்பிட்டார்.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் போக வழியில்லாமல் பைப்பைச் சுற்றியே தங்கிவிடும். நம் பக்கத்து மண்ணில் உப்பு வேறு. குறுக்கே வெட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. மேலே இருக்கிற பாரம் எந்தக் கல் வழியாக இறங்குகிறதென்று தெரியாமலே அதன் காலை அறுக்கிறோம். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மேலிருந்து கீழே நேராக, ஆழமில்லாமல் வெட்டு. வளைவுப் பக்கமும் உத்தரம் சுவரில் உட்காரும் இடத்துப் பக்கமும் உளியைக் கொண்டுபோகாதே. முடிந்த இடமெல்லாம் மரச்சட்டம் அடித்துச் சுவருக்கு வெளியிலேயே வயரை ஓட்டிவிடு. அழகு கெட்டுவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று மத்தியானம் ஓவர்சியர் பாலகிருஷ்ணன் மெக்கர் பெட்டியோடு வந்தார். சர்க்கார் ஆள், அதிகம் பேசமாட்டார். கட்டட வேலைக்கென்று கொடுத்த தற்காலிக இணைப்பு ஏற்கெனவே இருந்தது. உள் வயரிங் தேறிவிட்டால் அதிலேயே விளக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று கோவிந்தராசு சொல்லியிருந்தார். ஓவர்சியர் ஒவ்வொரு லைனாகப் பிரித்துக் கைப்பிடியைச் சுற்றினார். வாசல் லைனில் முள் எழுந்தது. கூடத்துக்குப் போகிற எதிலும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மறுபடி சுற்றினார். அப்படியேதான் கிடந்தது.

“எங்கயோ வயரு தோலு உரிஞ்சு பைப்புல உக்காந்திருக்கு. பைப்புக்கு எர்த்தும் குடுக்கல. போட்டா சுவரு பூரா வாங்கிக்கும்” என்றார்.

“நாளன்னிக்கு மந்திரி வர்றாருங்களே சார்” என்றேன்.

“தெரியும். நான் ரயில் ஸ்டேஷனுக்குப் போய் மேல போன் பண்ணிச் சொல்லிட்டு வர்றேன். ஃபியூஸ் கட்டையக் கழட்டி உன் மடியில வச்சுக்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்காத.”

அவர் சைக்கிள் கரைமேட்டில் மறைந்து சற்று நேரத்தில் தெற்கே புகை தெரிந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது, ஆனாலும் கூரை வெளியே நனைந்திருந்தால் என்ன, உள்ளே காய்ந்துதானே இருக்கும், தீ பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வரப்பு வழியாக ஜனம் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள். இளவட்ட ஆண்களைக் காலையிலேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. தலையில் பாய், இடுப்பில் பிள்ளை, கையில் சட்டி. பண்ணைக்காரர்களின் ஆட்கள் அவர்கள் தெருக்கோடியில் இரண்டு குடிசைகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். இருட்டியதும் மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தீ வைத்தாலும் எரியாத கட்டடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தச் சத்திரம் ஒன்றுதான். அதனால் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து வந்தவர் அஞ்சம்மாள். நடவுப் பெண்களுக்காகப் பண்ணையில் பேசுகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்து உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. வைக்கோலைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பச் சொன்னார், பிள்ளைகளை உட்காரவைத்தார்.

பிள்ளைகள் உட்காரவா செய்யும்? புகையைப் பார்க்க எல்லாம் ஜன்னலுக்கு ஓடின. ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கின. அந்தக் கம்பிகள் சுவருக்குள் இறங்குகிற இடத்தை ஒட்டித்தான் பைப்பைப் பதித்திருந்தார்கள். நான் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கட்டை இருந்தது.

கோவிந்தராசு ஜீப்பில் வந்து இறங்கினார். இந்த ஜனத்தை விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் விரட்டவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“பொழுது சாயப்போவுது. லைட்டப் போடுப்பா.”

“போட முடியாதுண்ணே. சுவருல கரண்டு லீக் ஆவுது. ஓவர்சியர் போடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“இத்தன சனம் இருட்டுல கெடக்குது. வெளிய அவனுங்க சுத்துறானுங்க. ஏதாவது ஒண்ணு நடந்துச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? வைக்கோலு மேல சிம்னி வெளக்கு வைக்கச் சொல்றியா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. தப்பு மட்டும் பேசுகிற ஆளிடம் மறுத்துப் பேசிவிடலாம். அதற்குள் அஞ்சம்மாளும் பக்கத்தில் வந்து நின்றார்.

“கம்பி இழுத்திருக்கு, பலுப்பு மாட்டியிருக்கு. அப்புறம் யாரு சொல்லி இருட்டா வச்சிருக்க தம்பி? பண்ணையிலேருந்து ஆளு வந்துச்சா ஒங்கிட்ட?”

எங்கள் குடும்பம் அந்தப் பண்ணையில் குத்தகைக்கு உழுத குடும்பம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. கூடத்தில் இருந்த முகமெல்லாம் என் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் வெளிச்சம் வேண்டும், நான் ஒருவன்தான் குறுக்கே நிற்கிறேன். கட்டையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கோவிந்தராசு அடுத்த பேச்சிலேயே காட்டிவிட்டார். டிரைவரைக் கூப்பிட்டு, “ஜீப்புல செப்புக் கம்பி இருக்கும், எடுத்துட்டு வா. கட்ட இல்லாட்டி என்ன, அந்த எடத்துல நானே முடிஞ்சு விட்டுக்கறேன்” என்றார்.

நான் போய் மெயின் போர்டில் முதுகை வைத்து நின்றுகொண்டேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தோள்பட்டையில் சட்டை கிழிந்தது. நான் அவரைத் தொடவில்லை, நகரவும் இல்லை. அவர் மூச்சு வாங்குவது என் முகத்தில் பட்டது. அஞ்சம்மாளைப் பார்த்துச் சொன்னேன்.

“அக்கா, எல்லாரையும் முத்தத்துக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு நொடி போட்டுக் காட்டுறேன். பாத்ததுக்கப்புறமும் போடுன்னு நீங்க சொன்னா நான் வெலகிக்கறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைத் தட்டினார். ஜனம் எழுந்து முற்றத்துக்கு வந்தது. முற்றத்து ஈர மண்ணில் ஒரு கடப்பாரையை இறக்கினேன். ஒரு பல்பும் இரண்டு வயருமான டெஸ்ட் லாம்பை எடுத்து, ஒரு வயரை அதில் கட்டி, இன்னொன்றை ஜன்னல் கம்பியில் முறுக்கினேன். யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், கட்டையைச் சொருகி, மெயினில் கையை வைத்தேன்.

“இரு தம்பி” என்றார் அஞ்சம்மாள்.

நாற்றுப் பறிக்கும்போது ஆள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஒரு ஆள் குறைவதை அவர்தான் கண்டார். கூடத்துக்குள் ஓடினார். காது கேட்காத கிழவர் ஒருவர் வெளியே வராமல், அதே ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்திருக்கிறார். அஞ்சம்மாள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வரும்வரை நான் மெயினிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றேன். நானே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை, யார் வந்து ‘உள்ள யாருமில்ல’ என்று சொன்னாலும் நானே போய்ப் பார்க்காமல் எந்த மெயினையும் போட்டதில்லை. நீயும் போடாதே.

போட்டேன். கூடத்தில் எந்த சுவிட்சும் போடவில்லை. ஆனால் ஜன்னல் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் தொங்கிய பல்பு எரிந்தது. முழு வெளிச்சம் இல்லை, சிவந்த கங்கு மாதிரி. உடனே அணைத்துவிட்டேன். ஒரு தாய் தன் பிள்ளையின் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தராசு படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “மந்திரி சுவிச்சப் போடுவாரு, புள்ளைங்க ஜன்னல்ல நின்னு பாக்கும்” என்றார், யாரிடம் என்றில்லாமல். கொஞ்சம் பொறுத்து என்னிடம், “சரி, இப்ப என்ன பண்ணலாங்கற? இருட்டுதே” என்று கேட்டார்.

சுவரை விட்டுவிட்டு ஆகாயத்தில் கொண்டுபோகலாம் என்றேன். அவர் ஜீப்பில் பம்புசெட்டுக்கு வாங்கிய வயர் ஒரு சுருள் இருந்தது. அதைக் கொடுத்தார். ஆற்றங்கரையில் மூங்கில் இருந்தது. பெண்கள் வெட்டிக்கொண்டு வந்தார்கள். மணல் நிரப்பிய தகர டின்னில் மூங்கிலை நட்டு, அதன் தலையில் வயரைத் தாங்கும் பீங்கான் குமிழைக் கட்டி, வாசல் போர்டிலிருந்து முற்றத்துக்கு மேலாகக் கூடத்துக்குள் வயரைக் கொண்டுபோனோம். உள்ளே தேக்கு உத்தரம் காய்ந்திருந்தது. அதிலிருந்து கயிறு தொங்கவிட்டு, கயிற்றில் குமிழ், குமிழில் வயர், கூடத்துக்கு நடுவில், யார் கைக்கும் எட்டாத உயரத்தில் பல்பு. ஒரு இடத்திலும் சுவர் மேல் படவிடவில்லை. அஞ்சம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பண்ணையைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிச்சம் குறையக் குறைய என் விரல் தடுமாறியது. மேற்கே சூரியன் தென்னந்தோப்புக்குள் இறங்கிவிட்டது. பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசி முடிச்சைப் போடும்போது ஓவர்சியர் வந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. கூடத்துப் பழைய லைன் எல்லாவற்றையும் போர்டிலிருந்து அறுத்து விட்டேனா என்று மட்டும் கேட்டார். பெட்டியைத் திறந்து புது லைனில் மெக்கரைச் சுற்றினார். முள் விறுவிறுவென்று மேலே ஏறி நின்றது.

“போடு” என்றார்.

விளக்கு எரிந்ததும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அந்தி முழுசாக அடங்குவதற்குள் கரைமேட்டில் லாரிச் சத்தம் கேட்டது. சத்திரத்துக்கு எதிரே வந்து நின்றது, இன்ஜினை அணைக்கவில்லை. மேலே ஆட்கள் நின்றிருந்தார்கள். அஞ்சம்மாள் எல்லோரையும் கூடத்து நடுவில், வெளிச்சத்துக்குக் கீழே நெருக்கி உட்காரச் சொன்னார். கோவிந்தராசு வாசல் படியில், எரிகிற பல்புக்குக் கீழே போய் நின்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “யாருப்பா அது? எறங்கி வாங்க, மூஞ்சியப் பாப்போம்” என்றார். நானும் ஓவர்சியரும் அவருக்குப் பின்னால் நின்றோம். எங்கள் கையில் எதுவும் இல்லை. லாரி அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு பின்னோக்கிப் போய்த் திரும்பி வந்த வழியே சென்றது. கோவிந்தராசு முகத்துக்காகத் திரும்பினார்களா, தங்கள் முகம் தெரிந்துவிடும் என்று திரும்பினார்களா, எனக்குத் தெரியாது. வேறு எங்கோ போகவேண்டியவர்களாகவும் இருக்கலாம். அந்த ஜனம் அங்கேயே தங்கிப் பிழைத்தது, அது தெரியும்.

நல்லபடி முடிந்த கதை என்று நினைத்துவிடாதே. ஓவர்சியர் கையெழுத்துப் போட மறுத்தார். திறப்பு விழா தள்ளிப்போனது. சுவரை உடைத்துப் பார்த்தபோது, ஜன்னலுக்கு அடியில் பைப்பு இணைப்பு பிளந்து, வயர் தோலுரிந்து செம்பு தெரியக் கிடந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தை வெயிலில் சுவர் காய்ந்த பிறகு மரச்சட்டத்தில் வெளியே ஓட்டினார்கள். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. மந்திரி வராமல் போனதில் கோவிந்தராசுவுக்குக் கட்சியில் தலைக்குனிவு. அன்று படியில் உட்கார்ந்த மனிதர் வேறு, அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைப் பார்த்த மனிதர் வேறு. ‘ஊரு பாக்க என்னைய எறக்கிட்டான்’ என்று சொன்னாராம். நீடாமங்கலத்தில் யாரும் எனக்கு வேலை தரவில்லை. ஓவர்சியருக்கும் மாற்றல் வந்தது. வேதாரண்யத்தில் உப்பளத்து மோட்டார் வேலைக்குப் போனோம். நீ அங்கே பிறந்தாய். அடுத்து வந்த புயலில் கூரை போய், உன்னை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உன் அம்மா பள்ளிக்கூடத்தில் கிடந்தாள். அப்போது நான் கேட்டேன், ‘அன்னிக்குப் பேசாம கட்டையக் குடுத்திருக்கலாமோ’ என்று. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை.

உனக்கு அந்த மாதிரி இழப்பு வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்காரர் அடுத்த வேலைக்கு வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதே, முடிகிற வழி ஒன்றையும் கையோடு சொல். விழாவுக்கு வேண்டியது வெளிச்சம்தானே? ஜெனரேட்டர் வைத்துப் பந்தல் கால் வழியாகவே விளக்கைக் கட்டிக் கொடு. உள் வயரிங்கைப் போர்டிலிருந்தே பிரித்துப் போடு. இந்தக் காலத்தில் லீக் ஆனால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற பெட்டி வந்துவிட்டது, நல்லதுதான். அது விழுந்துகொண்டே இருந்தால் ‘அதக் கழட்டிட்டு நேரா குடும்மா’ என்று யாராவது சொல்வார்கள். சொல்கிற ஆள் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவசரத்தில் இருப்பார், அவ்வளவுதான்.

நீ சொல்ல வேண்டியதைக் குரலை உயர்த்தாமல் சொல். சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதே. நீ கிளம்பின பிறகு யாரோ ஒருவர் ஒரு துண்டுக் கம்பியோடு வருவார். விழா முடிந்து கடைசி ஆள் வெளியே போகிற வரைக்கும் அந்த மெயினுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ, நேரமாகும்.

உன் அப்பா